யாழ் நகரில் நடைக்கும் சைக்கிளுக்கும் பணம் ஒதுக்குவது: கணக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கொக்குவில்_கணக்கன் (இழையைத் தொடங்கியவர்)

உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்துக்கு மக்களின் முன்மொழிவுகளைக் கேட்கும் காலம் நெருங்குவதால், நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் பணம் ஒதுக்குவது பொருளியல் அடிப்படையில் தகுமா என்ற கேள்வியை இங்கே முன்வைக்கிறேன். நடப்பதும் சைக்கிள் ஓடுவதும் நல்லவை என்பதை எவரும் மறுப்பதில்லை. மறுப்பு எழுவது பணத்தைப் பங்கிடும் மேசையில்தான். அதே தொகையைத் தார் போடுவதற்குச் செலவிட்டால் என்ன கிடைக்கும், இதற்குச் செலவிட்டால் என்ன கிடைக்கும் என்று அங்கே கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்.

வெளிநாட்டுக் கணக்குகள் சாதகமாகவே உள்ளன. நியூசிலாந்தின் நியூ பிளிமத், ஹேஸ்டிங்ஸ் ஆகிய இரு நகரங்களில் 2010 முதல் நடைக்கும் சைக்கிளுக்குமாக ஒரு முன்மாதிரித் திட்டம் நடைபெற்றது. அவை பெருநகரங்கள் அல்ல. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88,000 பேர் வாழ்ந்த நமது மாநகர எல்லையோடு ஒப்பிடத்தக்க ஊர்கள். திட்டம் நடைபெறாத வேறு இரு நகரங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், செலவான ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ 11 டொலர் பெறுமதியான பயன் கிடைத்ததாக 2018இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கென 2019இல் வெளிவந்த மற்றொரு கணக்கு, கார் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் சமூகத்துக்கு 11 யூரோ சதம் நட்டம் என்றும், சைக்கிள் ஓடும் கிலோமீற்றர் 18 சதம் இலாபம் என்றும், நடக்கும் கிலோமீற்றர் 37 சதம் இலாபம் என்றும் சொல்கிறது.

இந்த எண்களை அப்படியே கொண்டுவந்து மாநகர சபையிடம் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கணக்குகள் காரை விட்டு இறங்கிச் சைக்கிளில் ஏறும் மனிதரைத் தேடி எண்ணுகின்றன. நமது ஊரில் நடப்பது அதற்கு நேர்மாறானது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற்போன பின்னர் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது; நோயாளியும் விறகும் நெல் மூடையும் அதிலேயே போயின, அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியும் கேட்டோம். ஏ9 பாதை திறந்து, கடன் வசதிகள் வந்து, மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்த பிறகும், மாணவரும் கூலித் தொழிலாளரும் மீன் வியாபாரிகளும் வயது முதிர்ந்தோரும் இன்றுவரை சைக்கிளை விடவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இந்தச் சொத்து ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டு போகிறது. ஆகவே "எத்தனை புதிய சைக்கிளோட்டிகள் வருவார்கள்?" என்று தொடங்கும் கணக்கு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. "எதுவும் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டில் எத்தனை பேரை இழப்போம்?" என்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எனது வாதம்.

இதோடு சேர்த்து ஒரு சமனின்மையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஒரு வீதியை அகலப்படுத்தும்போது, ஏற்கெனவே அவ்வீதியில் வாகனம் ஓட்டுவோருக்கு மிச்சமாகும் நிமிடங்களை முழுமையாகவும், புதிதாக வருவோரின் பயனைப் பாதியாகவும் கணக்கில் சேர்ப்பது போக்குவரத்துப் பொருளியலில் வழமை. சைக்கிள் பாதை என்று வந்துவிட்டால் மட்டும், ஏற்கெனவே ஓடுபவர்களை மறந்துவிட்டுப் புதியவர்களை மட்டும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வீதியைக் குறுக்கே கடக்கக் காத்து நிற்கும் ஒரு மூதாட்டியின் நிமிடம் எந்த அட்டவணையிலும் பதியப்படுவதில்லை.

உங்கள் கருத்துகளை, குறிப்பாக மறுப்புகளை, எதிர்பார்க்கிறேன்.

---

கஸ்தூரியார்வீதி_வியாபாரி

மறுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன்.

சைக்கிளை விட்டு ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குவதை நீங்கள் "இழப்பு" என்று பதிகிறீர்கள். பத்து ஆண்டுகள் சீட்டுக் கட்டி, லீசிங் கட்டி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போக வழி செய்துகொண்ட ஒரு தகப்பனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். தடைக்காலத்தில் நாங்கள் சைக்கிள் ஓடியது விருப்பத்தினால் அன்று. அந்தக் காலத்தை ஒரு சொத்தாக எழுதுவது, அதில் வியர்த்தவர்களைவிட அதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கே இனிக்கும்.

அடுத்தது எமது கடைகள். நகருக்குள் வாகனம் நிறுத்த இப்போதே இடமில்லை. தாலிக்கொடி வாங்க வருகின்ற குடும்பம் வலிகாமம் மேற்கிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வாகனத்தில்தான் வருகிறது. கடை வாசலில் நிறுத்த முடியாவிட்டால் அவர்கள் சுன்னாகத்துக்கோ சாவகச்சேரிக்கோ போய்விடுவார்கள். நடைபாதை அமைத்தால் அதில் நடக்கப்போவது மக்களா, அல்லது பாய் விரித்து உடுப்பு விற்கும் அங்காடி வியாபாரிகளா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடைக்கு வாடகையும் வரியும் கட்டுகின்ற எமக்கு அதனால் என்ன பயன் என்பதை உங்கள் கணக்கில் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

---

வண்ணைப்_பொறியியலாளர்

இருவரும் பயனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வீதித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் செலவுப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பொதுவெளியில் பேசப்படும் செலவுக்கும் உண்மையான செலவுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

முதலில், வீதி யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. எஞ்சியவையே உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி ஆகிய நான்கிலும் மாநகர சபை தன் விருப்பப்படி கோடு கீறிவிட முடியாது. சபையிடம் மனுக் கொடுத்துவிட்டு, அது நடைபெறவில்லை என்று சபையைத் திட்டுவது நமது ஊரில் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவதாக, பிரதான வீதிகளில் நடைபாதை அமைப்பதன் செலவில் சீமெந்துக் கல் சிறு பங்குதான். மின்கம்பம், தொலைபேசிக் கம்பம், நீர்க்குழாய் ஆகியவற்றை நகர்த்துவதும், வடிகாலைத் திருத்தி மூடுவதும், எல்லைமதிலுக்கு இழப்பீடு கொடுப்பதுமே பணத்தை விழுங்குகின்றன. இந்தக் குடாநாட்டு நிலம் தட்டையானது என்பதால் சைக்கிளுக்கு அது வரம். மழைநீருக்கு அதுவே சாபம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் நீர் வடிய அரை அடிச் சரிவுகூடக் கிடைக்காத இடங்கள் உண்டு. வடிகாலுக்கு மேலே கொங்கிறீற் மூடி போட்டு அதையே நடைபாதை ஆக்குவதுதான் இங்கே சிக்கனமான முறை. உலக வங்கியின் நிதியோடு நடந்த மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டத்தில் நகரின் சில வீதிகளுக்கு வடிகாலும் நடைபாதையும் ஒன்றாக அமைக்கப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் மூடி ஒன்று உடைந்தால் அதை மாற்றுவதற்கு எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. பராமரிப்பைச் சேர்க்காத செலவுக் கணக்கு செலவுக் கணக்கே அல்ல.

மூன்றாவதாக, மலிவான வழி ஒன்று நம் கண்முன்னேயே இருக்கிறது. இந்த நகரத்தின் ஒழுங்கைகளை, அதாவது ஒடுங்கிய உள்வீதிகளைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து நல்லூர் வழியாகச் சுண்டிக்குளி வரைக்கும், கொக்குவிலிலிருந்து வண்ணார்பண்ணை வரைக்கும், பிரதான வீதியில் ஏறாமல் பெரும்பாலும் ஒழுங்கைகளாலேயே வர ஊரறிந்தவருக்குத் தெரியும். நிலம் எடுக்க வேண்டியதில்லை, கம்பம் நகர்த்த வேண்டியதில்லை. தேவைப்படுவன நான்கு: குழி மூடுவது, விளக்குப் போடுவது, திசைப் பலகை வைப்பது, ஒழுங்கை பெருவீதியைக் குறுக்கிடும் சந்தியில் பாதுகாப்பான கடவை அமைப்பது. முதல் மூன்றும் உள்ளூராட்சிச் சபையின் அதிகாரத்துக்குள்ளேயே வருகின்றன. நான்காவதுக்கு மட்டுமே அதிகார சபையின் சம்மதம் வேண்டும். நெதர்லாந்தைப் படம் பிடித்துக் காட்டி அதே அகலத்தில் காங்கேசன்துறை வீதியில் சிவப்புப் பாதை கேட்பவர்கள், அந்த வீதியின் இரு பக்கத்துக் கடைகளுக்கும் இடையிலான அகலத்தை ஒருமுறை நாடா பிடித்து அளந்துவிட்டு வரட்டும்.

---

கொக்குவில்_கணக்கன்

வியாபாரி ஐயாவின் முதலாவது மறுப்பு கனமானது. மோட்டார் சைக்கிள் வாங்குவது ஒரு குடும்பத்தின் முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாவகச்சேரியிலிருந்து மனைவி பிள்ளைகளோடு நல்லூருக்கு வருவதற்கு அது வேண்டும். நான் பேசுவது அந்தப் பயணத்தைப் பற்றியன்று. அதே வீட்டுப் பிள்ளை இரண்டரைக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள வகுப்புக்கு, "வீதியில் விடப் பயமாக இருக்கிறது" என்ற காரணத்துக்காக மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கப்படுவதைப் பற்றியே பேசுகிறேன். அது விருப்பத் தெரிவு அன்று. சைக்கிளில் போவது அபாயமாகிவிட்டதனால் சுமத்தப்பட்ட செலவு.

அந்தச் செலவை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10 கிலோமீற்றர் வீதம் மாதம் 25 நாள் ஏற்றி இறக்கினால் 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொண்டால் ஆறேகால் லீற்றர். லீற்றர் 300 ரூபாய் அளவில் இருக்கும்போது இது மாதத்துக்கு 1,875 ரூபாய். ஒயில், ரயர், தேய்மானம், தகப்பனின் வேலை நேரம் ஆகியன தனி. 2022 யூன் மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் 470 ரூபாயாகி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று விநியோகம் நிறுத்தப்பட்டபோது, பரணில் கிடந்த சைக்கிளைக் கழற்றி எண்ணெய் போட்டவர்கள் இந்தக் களத்திலும் பலர் இருப்பீர்கள். அந்த ஆண்டு சைக்கிள் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. நெருக்கடி வந்த பின் வாங்குவது எப்போதும் விலை கூடியது. பாதைக்கும் அது பொருந்தும்.

ஒழுங்கைகள் பற்றிய பொறியியலாளர் ஐயாவின் யோசனையை வரவேற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி: கடைகளும் வங்கிகளும் வைத்தியசாலையும் பெருவீதிகளில்தானே இருக்கின்றன? சைக்கிள்காரரை ஒழுங்கைக்குள் அனுப்பிவிட்டுப் பெருவீதியை வேகத்துக்கு விட்டுக்கொடுப்பதாக அது முடிந்துவிடக் கூடாது.

---

ஸ்காபரோவிலிருந்து_ஒருவன்

வியாபாரி அண்ணாவின் அச்சம் இங்கே ரொறொன்ரோவிலும் அதே சொற்களில் எழுந்தது. புளூர் வீதியில் 2016இல் வாகனத் தரிப்பிடங்களைக் குறைத்துச் சைக்கிள் பாதை போட்டபோது கடைக்காரர் பலர் எதிர்த்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த ஆய்வில், வாடிக்கையாளரின் வருகையும் மாதச் செலவும் கூடியிருந்தன. இருந்தும் 2024இல் ஒன்ராறியோ மாகாண அரசு அந்தப் பாதையை அகற்றுவதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 2025 யூலையில் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. எண் சாதகமாக இருந்தால் வேலை முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

---

கஸ்தூரியார்வீதி_வியாபாரி

கனடாக் கடைக்கும் எமது கடைக்கும் முடிச்சுப் போட வேண்டாம், தம்பி. அங்கே கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்து கோப்பி குடிக்கிறார். எமது வாடிக்கையாளர் பத்து மைல் தாண்டி வருகிறார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவற்றில் பெரும்பகுதி வாடிக்கையாளரின் வாகனம் அன்று. கடைக்காரரின், ஊழியரின் மோட்டார் சைக்கிள்களும், பகல் முழுவதும் சாமான் இறக்கும் லொறிகளும்தான். லொறிக்குக் காலை ஒரு நேரம் குறித்து, இருசக்கர வண்டிகளுக்கு ஒரு தரிப்பிடத்தை நடந்துவரும் தூரத்தில் ஒதுக்கித் தந்தால், நடைபாதை பற்றிப் பேச எமது பக்கத்திலும் ஆட்கள் வருவார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கல்லைப் பதித்துவிட்டுப் பிறகு எங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம்.

---

சுண்டிக்குளி_ரீச்சர்

இவ்வளவு நேரமும் மாணவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எவரும் எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் வேம்படிச் சந்தியிலும் யாழ் இந்துக் கல்லூரிப் பக்கமும் நின்று பார்த்தால், இந்த நகரத்தில் சைக்கிள் யாருடையது என்பது புரியும். வெள்ளைச் சீருடையில் பெண்பிள்ளைகள் இவ்வளவு இயல்பாகச் சைக்கிள் ஓடும் நகரம் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. தென்னாசியாவில் பல நகரங்கள் பணம் செலவழித்து உருவாக்க விரும்புவதை நாம் எந்தச் செலவும் இல்லாமல் வைத்திருந்தோம்.

பாடசாலைப் பயணத்தைவிட அபாயமானது ரியூசன் பயணம். விடியற்காலை இருட்டிலும் மாலை மங்கலிலும் தனியார் கல்வி நிலையங்களுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள்களில் அரைவாசிக்கு லைற் இல்லை, ஒழுங்கைகளில் விளக்கும் இல்லை. பொறியியலாளர் ஐயா ஒழுங்கைகளைப் பரிந்துரைக்கிறார். பகலில் நானும் அதையே சொல்வேன். ஆனால் இரவு ஏழரை மணிக்கு, மதிலும் வேலியும் மட்டுமே உள்ள, கட்டாக்காலி நாய்கள் படுத்திருக்கும் ஒழுங்கை வழியாக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை வரச் சொல்ல எந்தத் தாயும் துணிய மாட்டாள். மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பவர்களைப் பற்றிய முறைப்பாடுகள் எமது பாடசாலை வாசலுக்கு வராத தவணையே கிடையாது. ஆகவே விளக்கைச் செலவுப் பட்டியலில் இரண்டாவதாக எழுத வேண்டாம், முதலாவதாக எழுதுங்கள்.

கணக்கன் தம்பியின் "இழப்பு" கணக்கில் இன்னொரு தலைப்பும் சேர வேண்டும். சைக்கிளைப் பறித்தால் ஆண்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கும். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் காத்திருப்புத்தான் கிடைக்கும். ஏற்றிச் செல்ல ஆள் இல்லாத நாளில் அவளுக்கு வகுப்பும் இல்லை, நூலகமும் இல்லை.

---

பண்ணைக்_காற்று

நகருக்குள் பெருவீதியில் மோட்டார் சைக்கிளின் சட்டபூர்வ வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். ஒரு கோடி ரூபாயில் பாதை போடுவதற்கு முன், சந்திக்குச் சந்தி இரண்டு வேகத்தடையும் ஒரு பொலிஸ்காரரும் போதுமே? எதற்கு இவ்வளவு கணக்கு?

---

வண்ணைப்_பொறியியலாளர்

பண்ணைக் காற்று சொல்வதில் பாதி சரி. வேகத்தைக் குறைப்பதைப் போல மலிவான முதலீடு வேறில்லை. சராசரி வேகம் 5 வீதம் குறைந்தால் உயிரிழப்பு விபத்துகள் 30 வீதம் வரை குறையலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. பாதசாரியும் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றரே உச்சமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டொக்ஹோம் பிரகடனமும் கேட்டது. ஆனால் பொலிஸ்காரர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். உயர்த்திக் கட்டிய கடவையும் ஒடுக்கிய சந்தித் திருப்பமும் போகா. வளைவு ஆரம் பெரிதாக இருக்கும் சந்தியில் எவரும் வேகம் குறைப்பதில்லை. அதைச் சிறிதாக்க வேண்டியது மூன்று லோட் கொங்கிறீற்றும் ஒரு வரைபடமும்தான்.

ரீச்சர் சொன்ன விளக்கு பற்றிய திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன்.

வெயிலில் யார் சைக்கிள் ஓடுவார் என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி: ஸ்பெயினின் செவில் நகரமும் தட்டையானது, கோடையில் 40 பாகையைத் தாண்டுவது. 2006ஆம் ஆண்டளவில் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே 120 கிலோமீற்றர் அளவில், வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட, ஒன்றோடொன்று தொடுத்த வலைப்பின்னலை அமைத்தார்கள். செலவு ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் யூரோ. நகரப் பயணங்களில் அரை வீதமாக இருந்த சைக்கிளின் பங்கு ஆறு ஏழு வீதமாக உயர்ந்தது. இங்கே கால் கிலோமீற்றர், அங்கே அரைக் கிலோமீற்றர் என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தால் அது நடந்திராது. நடுவில் அறுந்த வலையில் மீன் படாது. அவர்கள் இடத்தை எடுத்ததும் பெரும்பாலும் காரின் தரிப்பிடத்திலிருந்தே. 2011க்குப் பிறகு முதலீடு தளர்ந்ததும் வளர்ச்சியும் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

---

சமுதாய_மருத்துவம்

உடல்நலப் பயன்தான் இத்தகைய கணக்குகளைத் தூக்கி நிறுத்துகிறது என்பதால் சில எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளர்ந்தவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும் வேலைக்குப் போக வர அரை மணி நேரம் சைக்கிள் ஓடும் ஓர் அலுவலகப் பணியாளர் இதனை வேறெதுவும் செய்யாமலே நிறைவுசெய்து விடுகிறார். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களால் நிகழ்பவை. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் போதனா வைத்தியசாலையின் கிளினிக் வரிசையில் எவ்வளவு நீளமாக நிற்கின்றன என்பதை விடியற்காலையில் அந்தப் பக்கம் போனவர் அறிவார்.

ஆனால் இந்தப் பயனை எல்லோருக்கும் ஒரே அளவில் எழுதிவிட முடியாது. பகல் முழுவதும் மூடை சுமக்கும் தொழிலாளி சைக்கிளில் வீடு திரும்புவதால் கூடுதலாகப் பெறும் நலம் சிறியது. கணினிக்கு முன் அமர்ந்திருப்பவர் பெறுவது பெரியது. மாலையில் பண்ணைக் கரையில் நடப்பவர் சைக்கிளுக்கு மாறியதும் அந்த நடையை விட்டுவிட்டால், கூடியது எவ்வளவு என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். புகையைச் சுவாசிப்பதையும் விபத்து அபாயத்தையும் கணக்கில் எடுத்தும் பயனே மிஞ்சுகிறது என்பதற்கு 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது: காரிலிருந்து சைக்கிளுக்கு மாறுபவருக்கு உடலுழைப்பினால் கிடைக்கும் ஆயுள் 3 முதல் 14 மாதம், மாசினால் போவது ஒரு நாளுக்கும் குறைவிலிருந்து 40 நாள் வரை, விபத்தினால் போவது 5 முதல் 9 நாள். அந்தக் கடைசி எண் நெதர்லாந்தின் பிரிக்கப்பட்ட பாதைகளில் ஓடுபவருக்குரியது. அதனைக் கண்டி வீதியில் ஓடுபவருக்குப் பொருத்துவது அறிவியலாகாது. இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். பாதையைப் பாதுகாப்பாக்காமல் மக்களைச் சைக்கிளில் ஏறச் சொல்லும் பிரசாரத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நமது நாட்டில் அரச வைத்தியம் இலவசம். மாநகர சபை ஒரு ரூபாய் செலவழித்து ஒருவரின் நீரிழிவைப் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால், மிச்சமாகும் பணம் சுகாதார அமைச்சின் கணக்கில் சேரும். பெற்றோல் இறக்குமதி குறைந்தால் மிச்சமாகும் டொலர் மத்திய அரசுக்குச் சேரும். செலவு ஓரிடம், வரவு வேறோர் இடம். சபை இதனைத் தன் சொந்த வருமானத்தில் செய்யவில்லை என்று குறை சொல்வதைவிட, மாகாண சுகாதாரத் தலைப்பிலிருந்தோ மத்திய நிதியிலிருந்தோ இதற்கென ஒரு பங்கைக் கேட்பதே பொருத்தமானது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட கொள்கையில், போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 வீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதப்பட்டது. எழுதியதெல்லாம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. எழுதி வைத்தால்தான் கேட்க முடியும்.

---

செயற்கைக்கால்_நடையன்

நீங்கள் எல்லோரும் நடைபாதை என்பதை ஒரு வசதியாகப் பேசுகிறீர்கள். போரில் காலையோ பார்வையையோ இழந்தவர்கள் இந்த மாகாணத்தில் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்த்தால், அது வீட்டுக்கு வெளியே வருவதற்கான அனுமதி என்பது புரியும்.

நான் செயற்கைக் காலுடன் நடப்பவன். எனக்குப் பெரிய அகலம் தேவையில்லை, தொடர்ச்சி தேவை. கடைக்குக் கடை உயரம் மாறும் வாசற்படிகள், நடுவில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், திறந்து கிடக்கும் வடிகால் மூடி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே நான் வீதிக்கு இறங்க வேண்டியவனாகிறேன். இறங்குவதும் ஏறுவதும்தான் எனக்குக் கடினம். மூன்று சக்கரச் சைக்கிளைக் கையால் சுழற்றிச் செல்லும் நண்பர்களுக்கு ஆறங்குல விளிம்பு ஒரு மதிலுக்குச் சமன். சரிவுத்தளம் அமைப்பதற்கு ஆகும் மேலதிகச் செலவு, கட்டும்போதே செய்தால் அற்பம். கட்டிய பிறகு உடைத்துச் செய்தால் இரட்டிப்பு. நகரில் அண்மையில் புதிதாகக் கட்டப்பட்ட நடைபாதை ஒன்றில் சரிவுத்தளத்தின் நேர் எதிரே கம்பத்தை நட்டு வைத்திருக்கிறார்கள். வரைபடத்தைக் கையொப்பமிட்டவர் ஒருமுறை சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த வழியே போயிருந்தால் போதும்.

எமது பயன் எந்தப் பொருளியல் அட்டவணையிலும் பெரிதாகத் தெரியாது, ஏனெனில் நாங்கள் வெளியே வராததால் எண்ணிக்கையில் இல்லை.

---

கொக்குவில்_கணக்கன்

இதுவரை எழுதப்பட்டவற்றைக் கொண்டு, சபைக்குக் கொடுக்கக்கூடிய முன்மொழிவு ஒன்றின் வடிவத்தை வைக்கிறேன், திருத்துங்கள்.

நகரம் முழுவதற்கும் கேட்காமல், ஒரே ஒரு தொடரைக் கேட்போம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து நல்லூர் வழியாக, ஆரியகுளம், புகையிரத நிலையம் ஆகியவற்றைத் தொட்டு, பேருந்து நிலையமும் வைத்தியசாலையும் உள்ள நகர மையத்துக்கு. இயன்றவரை ஒழுங்கைகள், இயலாத இடத்தில் பெருவீதியின் ஓரம். மாணவர், நோயாளர், புகையிரதத்தில் வருவோர், கோயிலுக்குப் போவோர் ஆகிய நால்வரும் ஒரே தொடரில் வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனத்துக்கு மூடி, இலட்சக்கணக்கானோரை நடக்க வைத்து, அந்நாள்களிலேயே வியாபாரமும் உச்சத்தில் நடத்திப் பழகிய நகரம் இது. வீதியை மூடினால் ஊர் அழிந்துவிடும் என்ற வாதத்துக்கு நமது பதில் ஆண்டுதோறும் ஆவணியை ஒட்டி வருகிறது.

செலவுப் பக்கத்தில் விளக்கு, குழி மூடல், சந்திக் கடவைகள், சரிவுத்தளம், ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்வோம். பயன் பக்கத்தில் ஏற்கெனவே நடப்பவரையும் ஓடுபவரையும் முழுமையாக எண்ணச் சொல்வோம்; ஒன்றும் செய்யாவிட்டால் அவர்கள் குறைந்துகொண்டே போவார்கள் என்ற அடித்தளத்தின் மேல் கணக்கிடச் சொல்வோம். உடல்நலப் பயனை மருத்துவர் ஐயா சொன்ன கழிவுகளோடு, தாழ்ந்த மதிப்பில் மட்டும் எழுதுவோம். நியூசிலாந்தின் 11ஐ நான் எங்கும் எழுதப் போவதில்லை. ஒன்றுக்கு இரண்டு என்று வந்தாலும், இந்த ஊரில் தார் போடும் பல வேலைகளைவிட அது மேலானதே.

கஸ்தூரியார் வீதியை இந்தத் தொடரில் சேர்க்கவில்லை. லொறி நேரமும் தரிப்பிடமும் முதலில் என்று வியாபாரி ஐயா கேட்டதைத் தனிக் கோரிக்கையாக, வணிகர்களின் கையொப்பத்தோடு கொடுப்பது நல்லது.

---

கஸ்தூரியார்வீதி_வியாபாரி

கையொப்பம் சேர்க்க முயல்கிறேன். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும் என்பதை எமது ஆட்களிடம் சொல்லலாம். ஆனால் உடல்நலம், சூழல் என்ற சொற்களோடு யாரும் எமது கடைக்குள் வர வேண்டாம், சிரிப்பார்கள். தரிப்பிடம் எங்கே என்று மட்டும் வரைந்து கொண்டு வாருங்கள்.

---

சுண்டிக்குளி_ரீச்சர்

எண்ணும் வேலையை உயர்தர மாணவரிடம் கொடுக்கலாம். புவியியல், பொருளியல் பாடங்களின் செயற்றிட்டமாகவே அது அமையும். பெண், ஆண், சிறுவர், முதியவர் என்று பிரித்து எண்ண வேண்டும். இரவு ஏழு மணிக்கும் எண்ண வேண்டும், பெற்றோரின் சம்மதத்தோடும் ஆசிரியரின் துணையோடும்.

---

வண்ணைப்_பொறியியலாளர்

எண்ணுவதைத் திருவிழாக் காலத்திலும் தவணை விடுமுறையிலும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் புரட்டாதியில், மற்றொரு வாரம் கார்த்திகை மழையில் எண்ணுங்கள். எந்த ஒழுங்கையில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கடவைகள் அமையவேண்டிய சந்திகளின் பட்டியலை அதிகார சபையின் பிரதேச அலுவலகத்துக்கு இப்போதே தனிக் கடிதமாக அனுப்பி, அதன் பிரதியைச் சபைக்குக் கொடுங்கள். வரைபடம் கீறித் தருகிறேன்.